நீலாம்பாள் தருமத் தோணிக்கு ஏழை தேடின விவரம்

ஏரல்,
கொல்லம் 1088-ம் வருஷம் கார்த்திகை மாதம்.

ரங்கோன் பட்டணத்தில் தேக்குமர வியாபாரம் நடத்திவரும் மகாகனம் பொருந்திய அத்தான் சிவசைலம் பிள்ளையவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் தில்லைநாயகம் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பார்வதியும் பிள்ளைகளும் கன்றுகாலிகளும் சேமமாயிருக்கிறோம். என் கடைவாய்ப் பல் ஒன்றுதான் குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. தாங்களும் சொர்ணாம்பாள் அக்காளும் அந்த ஊர்க் காற்றும் தண்ணீரும் ஒத்துக்கொண்டு சுகமாயிருக்கிற விவரம் எழுதியனுப்ப வேண்டும். அக்காளுக்கு இந்தக் காகிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டவேண்டாம். அவள் என்னைச் சின்ன வயசிலிருந்தே அறிவாள்.

நிற்க. காலஞ்சென்ற தங்கள் தாயார் நீலாம்பாள் அம்மாள் பேரால், தாங்கள் கப்பலேற்றி அனுப்பின தேக்குப் பலகையில் செய்த தருமத் தோணி எப்படியிருக்கிறது என்று போன காகிதத்திலும் அதற்கு முந்தின காகிதத்திலும் கேட்டிருந்தீர்கள். தோணி நன்றாயிருக்கிறது. தருமம்தான் கோர்ட்டில் இருக்கிறது. தை பிறந்ததும் விசாரணை. தோணியை அப்பாத்துரையிடம் ஒப்படைத்துவிடும்படி தீர்ப்பாகிவிடும் போலிருக்கிறது. அப்படியானால் அம்மாள் பேரைச் சுரண்டிவிட்டு அவர் தம் பேரை எழுதிக்கொள்ளுவார். தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் தப்பலாம். காரியம் இந்தக் கதிக்கு வந்ததில் என் பங்கு கொஞ்சம் உண்டு என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எப்படியும் வேறு யாராவது எழுதிவிடுவார்கள்.

தாங்கள் ஊரைவிட்டுப் போனபோது பார்த்த அதே ஆறுதான். கோடையில் முழங்கால் நனையக் கடந்துவிடலாம். மழை பிறந்தால் துறைக் குத்தகைக்காரர் தோணியில் காசு கொடுத்துத்தான் போகவேண்டும். அந்தக் குத்தகையைத் தாலுகா போர்டாரிடம் எடுத்திருப்பவர் மேற்படி அப்பாத்துரை. ஆகையால் தருமத் தோணி விடுமுன்னே ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் தருமங்களுக்கென்றே யோசனை சொல்லுகிற பாக்கியசீலன் என்ற வக்கீல் இருக்கிறார். கொலைக்கேசு, பாகப்பிரிவினை எதையும் தொடமாட்டார். மிஷன் விதவைகள் சகாயநிதியானாலும் சரி, மடத்துக் கட்டளையானாலும் சரி, பள்ளிவாசல் கிணறானாலும் சரி, ஊர்ப்பணம் பிரிக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் அவர் வீட்டு நாய் குரைப்பதைக் கேட்டுவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவார்கள். தரும வக்கீல் என்கிறார்களே, பீஸ் இராது என்று நம்பி நானும் போனேன். அந்த நம்பிக்கை அவர் வீட்டு வாசற்படியிலேயே போயிற்று.

"வாரும் பிள்ளைவாள், உக்காரும். என்ன தப்புப் பண்ணப் போறீரு?" என்று கேட்டார்.

"தப்பா? தருமம் பண்ணலாம்னுல்லா வந்திருக்கேன்."

"அதைத்தான் நானும் கேக்குதேன். களவாணி ஒருத்தன் வீட்டிலே கை வைப்பான், அந்த ஒருத்தன்தான் அவனைத் தேடுவான். நீரு ஊருக்கே நல்லது செய்யுதேன்னு கிளம்புதீரு. ஊரே உம்மைத் தேடும். தருமம் சரியா நடக்கலைன்னு ரெண்டு பேரு சேந்து பிராது குடுத்தா போதும், உம்மைப் பெரிய கோர்ட்டிலே கொண்டு நிறுத்திரலாம், தெரியுமாவே? சரி, தோணி யாருக்கு?"

"ஊருக்கு" என்றேன்.

"ஊருக்குன்னா குத்தகைக்காரன் வாயிலே மண்ணு. போர்டார் விடமாட்டாங்க."

"அப்படின்னா ஏழைகளுக்கு" என்றேன். அத்தான், என் ஆயுளில் நான் யோசிக்காமல் சொன்ன வார்த்தைகளில் அதுதான் விலை கூடினது. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லது, அப்படியே எழுதிருவோம். ஆனா ஏழைன்னா ஏழைதான். ஏழையில்லாதவன் ஒருத்தன் ஏறினாலும் தருமத் துரோகம். தோணிக்காரன் ஒவ்வொருத்தரையும் கேக்கணும். ஏழையான்னு கேட்டு, ஆமான்னு வாயாலே சொன்னாத்தான் ஏத்தணும்" என்றார். அதற்கப்புறம் பத்திரம் எழுத உட்கார்ந்தவர், ஏழையின் ஆடு ஏறலாமா என்று கேட்டு, ஏறலாம், ஆடும் ஏழையாயிருக்க வேண்டியதில்லை என்று ஒரு ஷரத்து வைத்தார். எந்தச் சாதி எந்த மதமானாலும் ஏற்ற வேண்டும் என்று இன்னொரு ஷரத்து. அதைக் கேட்டு, என்னைக் காரியதரிசியாக்கி என்னோடு கூட வந்திருந்த நம் தோணிக் கமிட்டியார் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வக்கீல் பேனாவைத் திருப்பவில்லை. தருமம் நோக்கப்படி நடக்காமற்போனால் கோர்ட்டார் அதை அதற்கு நெருங்கின வேறு தருமத்துக்கு மாற்றிவிடலாம் என்பதையும் அப்போதே சொன்னார். நான் அந்த நேரத்தில் ஆட்டைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி கடைசியில் தண்ணீர் ஏறினதும் மேளம் வைத்துத் தோணியை இறக்கினோம். தோணிக்காரர் பீர் மைதீன் நல்ல மனுஷர். வக்கீல் சொன்னதைத் தப்பாமல் செய்யவேண்டும் என்று தலைப்பாகையெல்லாம் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் வந்தவள் மோர் விற்கிற கோமு. இவர் மரியாதையாகத்தான் கேட்டார், "தாயீ, ஏழையா?" என்று.

"யாரைப் பாத்து ஏழைங்கீரு?" என்று அவள் கூடையைத் தரையில் வைத்தாள். அவள் கூடையைத் தரையில் வைத்தால் சண்டைக்கு ஆயத்தம் என்று ஊருக்குத் தெரியும். "எங்க தொழுவத்திலே எருமை நிக்கி, வந்து பாரும். இந்தத் தோணியிலே ஏறிட்டு நாளைக்கு எம்மவளைப் பொண்ணு கேட்டு எவன்வே வருவான்?" என்று கேட்டுவிட்டு, மேளக்காரர் முன்னாலேயே நடந்துபோய் அப்பாத்துரை தோணியில் காசு கொடுத்து ஏறினாள். அவள் பின்னாலே மற்ற எல்லாரும் போனார்கள். மேளக்காரர்கூட வாசித்து முடித்துவிட்டு அந்தத் தோணியில்தான் போனார். சாலமோன் உபாத்தியாயரை நம்பியிருந்தேன். தைத்த சட்டையையே திரும்பத் தைத்துப் போடுகிறவர், வீடு நிறையப் பிள்ளைகள். அவர் என்னைத் தனியே அழைத்து, "சம்பளம் வாங்குதவன் ஏழைன்னு சொன்னா மிஷனுக்குல்லா அவமானம் பிள்ளைவாள்" என்றார். பிச்சைக்காரர் ஒருவருமா இல்லை என்று கேட்பீர்கள். இருக்கிறார். சந்தைவாசலில் உட்கார்ந்திருக்கிறவரை நானே போய் வருந்தி அழைத்தேன். "அக்கரையிலே எனக்கு என்ன சோலி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஐப்பசி பிறந்தும் ஒரு காக்கையைத் தவிர யாரும் ஏறவில்லை. ஊருக்கு வழிகாட்டவேண்டியது காரியதரிசியின் கடமை அல்லவா என்று ஒரு நாள் நானே போய் நின்றேன். பீர் மைதீன் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, ஏழையா?" என்றார். "ஆமா" என்றேன். துறை முழுவதும் கேட்கும்படி சொன்னேன், வழிகாட்டுவதென்றால் அப்படித்தானே. நான் அக்கரை போய்த் திரும்பி வருவதற்குள் நான் சொத்தெல்லாம் போய் முறிந்துபோன செய்தி தெருவெல்லாம் போயிருந்தது. நம் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வந்திருந்தார்கள். ஒருத்தி முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தாள். பார்வதி அன்றைக்கு எனக்குச் சோறும் ரசமும் மாத்திரம் போட்டு, "ஏழைக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த முருங்கைக்காய்ச் சாம்பார் பிள்ளைகளுக்கு.

இப்படியிருக்கையில் ஒரு மழை நாளில் கோமு துறைக்கு வந்தவள், நனைந்துகொண்டு நிற்கிற நம் தோணியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பீர் மைதீன் வாயைத் திறக்குமுன்னே, "ஒண்ணும் கேக்காதயும். நான் ஏழையில்லை. இந்தத் தோணிதான் ஏழை. வரன் வராத பொண்ணு மாதிரி ஒரு நாதியில்லாம நிக்கி. அதைப் பாத்துப் பரிதாபப்பட்டு ஏறுதேன், தள்ளும்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தான், ஊராருக்கு இந்த வார்த்தை எப்படிப் பிடித்துப்போயிற்று என்கிறீர்கள்! மறுநாள் முதல் கூட்டம். தோணிக்கு உபகாரம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு எல்லாரும் ஏறினார்கள். சாலமோன் உபாத்தியாயர் பிள்ளைகளோடு ஏறி, "பாவம், தேக்குமரம்" என்று தட்டிக்கொடுத்தார். நானும் துறையில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அப்பாத்துரை காலித் தோணியிலே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம் வந்து, "பிள்ளைவாள், ஏறுதவன் அம்புட்டுப் பேரும் நான் ஏழையில்லை ஏழையில்லைன்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டுல்லா ஏறுதான். இதுக்கு மேலே எனக்கு என்னவே சாட்சி வேணும்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் மனைவி இன்பமணி அக்கரையில் சீக்காய்க் கிடக்கிறாள். குத்தகை போனால் மருந்துக்கு வழியில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர் வக்கீலிடமிருந்து நோட்டீசு வந்தது. தருமம் நோக்கப்படி நடக்கவில்லையாம். இத்தனை வருஷமும் ஏழைகளை ஏற்றிப்போனது அப்பாத்துரை தோணிதானாம். அவர் காசு வாங்குவது ஏழைகளின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகவாம். ஆகவே அதற்கு நெருங்கின தருமம் அவரே என்று நம் தோணியை அவரிடம் கொடுத்துவிடவேண்டுமாம்.

நோட்டீசை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓடினேன். பாக்கியசீலன் வக்கீல் அதைக் கலியாணப் பத்திரிகை மாதிரி ரசித்து வாசித்தார்.

"அருமையா எழுதியிருக்கான். எங்கிட்ட தொழில் படிச்ச பையன்தான்" என்றார்.

"இப்ப நான் என்ன செய்ய?"

"ஊரறிய நான் ஏழைன்னு வாயாலே சொல்லி ஏறின ஒரே ஒரு ஆளைக் கொண்டாரும். கேசு போயிரும்."

"நான் சொன்னேனே?"

"உமக்கு ஆத்துப் பாசனத்திலே வயல் கிடக்கு. நீரு சொன்னது பொய். அதைக் கூண்டிலே ஏறிச் சொன்னீருன்னா தோணியும் போவும், நீரும் போவீரு."

ஏரலில் வீடுவீடாகப் போய் ஓர் ஏழை தேடினேன். எல்லாரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். ஆகையால் மிச்சமிருப்பது ஒரே வழி. தருமத்தை ரத்து செய்து தோணியைத் தாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு ஷரத்து இருக்கிறது. இத்துடன் வருகிற பத்திரத்தில் கையெழுத்திட்டு மறு கப்பலிலேயே அனுப்பவேண்டும். அப்புறம் ஆற்றில் ஓட்டக்கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தங்கள் முற்றத்தை அளந்து பார்த்தேன், தெருச்சுவரை இடித்தால் தோணி உள்ளே போகும். மாசியில் வருவதாக எழுதியிருந்தீர்கள். இந்த வருஷம் வேண்டாம். அம்மாள் பேர் எழுதின தோணியைத் தாங்கள் அந்தக் கோலத்தில் பார்க்கவேண்டாம் என்றுதான் சொல்லுகிறேன்.

தங்கள் வியாபாரம் மேன்மேலும் விருத்தியாகவும், அக்காளுக்குக் கால்வீக்கம் வடியவும் நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் துணைநிற்பார்களாக. பார்வதி தன் நமஸ்காரத்தை எழுதச் சொன்னாள். என்னைப்பற்றி வேறு சிலதும் எழுதச் சொன்னாள், இடமில்லை.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
தில்லைநாயகம்

மறு குறிப்பு: இந்தக் காகிதத்தை ஒட்டிவைத்தும் தபால் போகவில்லை. பெருவெள்ளம். அப்பாத்துரை தோணி கயிறறுந்து கடலுக்குப் போய்விட்டது. மனைவிக்கு மருந்து வாங்க வந்த அவர் இக்கரையில் மாட்டிக்கொண்டார். வெள்ளம் கொஞ்சம் இறங்கினதும் நம் தோணி ஒன்றுதான் துறையில் நின்றது. ஊரே கரையில் நிற்க, அப்பாத்துரை ஏற வந்தார். பீர் மைதீன் கையைப் பிசைந்துகொண்டு, "அண்ணாச்சி, கேக்காம ஏத்தக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. ஏழையா?" என்றார். அப்பாத்துரை அக்கரையைப் பார்த்தார். "ஆமாய்யா, ஏழைதான். ஏத்தும்" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கோமு கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டாள். இன்பமணி பிழைத்துக்கொண்டாள். கேசும் போயிற்று, வாதியே சாட்சியாய்விட்டபடியால். ஆகவே பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டாம், அடுப்பில் போடவும். மாசியில் அவசியம் வரவும். அப்பாத்துரையைப் பீர் மைதீனோடு துடுப்புப் போடச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். இப்போது ஏரலில் எல்லாரும் ஏழைகள். பெரிய பண்ணைக்காரர்கூட நேற்றுக் குடையும் கையுமாக வந்து, கேட்குமுன்னே ஏழை என்றார். இது துரோகமாகாதா என்று பயந்து வக்கீலை வரவழைத்தேன். அவருக்கும் அக்கரையில் ஒரு சபையாரைப் பார்க்கவேண்டியிருந்தது. பீர் மைதீன் அவரையும் விடாமல் கேட்டார். வக்கீல் ஆற்றைப் பார்த்தார், தம் கோட்டைப் பார்த்தார், "பத்திரத்திலே ஏழைன்னா கையிலே காசில்லாதவன்னு நான் எங்க எழுதியிருக்கேன்? கடக்க வேற வழியில்லாதவன் ஏழை. ஆமா, ஏழைதான்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா என்று கேட்டேன்.

"அன்னைக்கு நான் இந்தக் கரையிலே நிக்கலையேவே" என்றார்.