சட்டக் கல்லூரிக்கு ஒரு திருத்தம்

மகளின் ஹால் டிக்கெட்டில் தையல்காரம்மாவின் படம் இருந்தது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நான்கே நாள். பிரிண்டரில் மை தீர்ந்து எழுத்தெல்லாம் வெளிறிக் கிடக்க, படம் மட்டும் ஒருமாதிரி தெரிந்தது.

“என்னடி இது?”

“ஐயையோ! நம்ம ரெண்டு பேர் போட்டோவும் ஒரே இடத்துல இருந்துச்சு. மாத்தி ஏத்திட்டேன் போலம்மா,” என்றாள் மகள். “திருத்தம் கேட்டு அனுப்பிடறேன். நீ அந்தப் பதினேழாவது கேள்வியைச் சொல்லு.”

ஆறு மாதமாக இதுதான் கதை. வகுப்பில் சொல்வது மண்டையில் ஏறவில்லை, நீ படித்துச் சொன்னால்தான் புரிகிறது என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தையல்காரம்மாவும் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே ஒப்பந்தச் சட்டம் படித்து வந்தார்.

“முதல்ல கேள்வியைப் படி, அப்புறம் பத்தியைப் படி. தெரியாததைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்காராதே, தாண்டிப் போ. எத்தனை தடவை சொல்றது? உனக்குப் பதிலா நானா போய் எழுத முடியும்?”

“அதானே!” என்றாள் மகள்.

மறுநாள் புது மை போட்டு எடுத்த தாளில், படத்தோடு பெயரும் தையல்காரம்மாவுடையதாக இருந்தது.

“படத்தை மாத்தச் சொன்னா பேரை மாத்தி வெச்சிருக்காங்க!”

“படத்துக்கு ஏத்த மாதிரி பேரைத் திருத்திட்டாங்க போல. அதுவும் திருத்தம்தானேம்மா.”

“சட்டை பத்தலைன்னா ஆளை வெட்டுவாங்க போலிருக்கே!”

இனி இவளை நம்பிப் பயனில்லை என்று அவரே தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

ஹால் டிக்கெட் எண்ணைக் கேட்டுக்கொண்டு, “பிறந்த தேதி சொல்லுங்க,” என்றது ஒரு குரல்.

மகளின் தேதியைச் சொன்னார்.

“பொருந்தலையே.”

தன் தேதியைச் சொல்லிப் பார்த்தார்.

“பொருந்துது. அசல் அடையாள அட்டையோட பரீட்சைக்கு வந்துடுங்க.” போன் வைக்கப்பட்டது.

தேர்வு நாளன்று மகளை இழுத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகப் போய் நின்றார். வாசலில் இருந்த அதிகாரி அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முகம், பேர், தேதி எல்லாமே சரியா இருக்கே!”

“அதுதாங்க தப்பு! எழுத வேண்டியது இவ.”

“இவங்க பேர் லிஸ்ட்லயே இல்லை. அஞ்சு நிமிஷத்துல கதவைச் சாத்திடுவோம். நீங்க வர்றதானா வாங்க.”

தையல்காரம்மாவுக்கு அழுகை முட்டியது. ஒரு வருஷம் வீணாச்சே!

“நீயாவது எழுதும்மா,” என்று மகள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “என்ன கேட்கறாங்கன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் எனக்கு உதவும்.”

அதற்காகத்தான் உள்ளே போனார். முதல் பத்து நிமிஷம் கேள்வித்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு ஒப்பந்தக் கேள்விகள் வந்தன. சொன்ன தேதியில் பொருளைத் தராதவன், வாங்கிக்கொண்டு குறை சொல்பவன் என்று எல்லாரும் அவர் கடை வாசலில் தினம் நிற்கிறவர்கள். பேனா ஓட ஆரம்பித்தது. பதினெட்டு வயதில் இதே படிப்புக்கு விண்ணப்பம் வாங்கியவர்தான் அவர். அப்பா நோயில் படுத்துவிட்டதால் அதை மடித்து வைத்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். எழுந்திருக்க இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

வெளியே வந்தபோது முகத்தில் இருந்த சிரிப்பை, மகளைப் பார்த்ததும் அவசரமாகத் துடைத்துக்கொண்டார். பெற்ற பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது குற்றமாகக் குத்தியது. நேராக அலுவலக ஜன்னலுக்குப் போனார்.

“உங்க திருத்தத்தால என் பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு. எழுத்துமூலமா எனக்கு விளக்கம் வேணும்!”

“வாம்மா, போலாம்,” என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஜன்னலுக்குள் இருந்த பெண் கணினியில் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார்.

“திருத்தமே யாரும் கேட்கலையேம்மா, நாலு மாசத்துக்கு முன்னாடி வந்ததுலயே உங்க பேர்தான் இருக்கு, ‘பயிற்சி பெற்ற விதம்’னு கேட்டதுக்கு, ‘மகளுக்குச் சொல்லிக்கொடுத்து’ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”