ஐஸ் காக்கா மீன் பார்க்கப் போன வெள்ளிக்கிழமைகள்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள கடற்கரையில் மீன் சாப்பிடாத மனிதர் என்று ஒரேயொருவர்தான் இருந்தார். அவருடைய தொழில் மீனுக்கு ஐஸ் விற்பது.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அது தேவைப்படவில்லை. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவர் ஐஸ் காக்கா. விடிந்ததும் சைக்கிளில் சாக்கு சுற்றிய ஐஸ் கட்டிகளோடு கடற்கரைக்குப் போவார். வெயில் ஏறியதும் ஐஸ் வைத்திருந்த, தெர்மோகோல் மாதிரியான வெறும் ரெஜிபோம் பெட்டிகளோடு, சாரனெல்லாம் நனைந்து, சொட்டச் சொட்டத் திரும்புவார். தோணிக்காரர்கள் அன்பாகக் கொடுக்கும் மீனை வாங்கிவந்து அப்படியே அடுத்த வீட்டில் கொடுத்துவிடுவார். அந்த அடுத்த வீடு எங்கள் வீடு. ஆகையால் மீன் தின்னாத அவருடைய குணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏன் காக்கா இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"நாள் முழுக்க செத்த மீன்ட கண்ணப் பாத்துட்டு வாறன் தம்பி. ஊட்டுலயாவது உசிருள்ள கண்ணப் பாக்கணும்" என்றார்.

ஊட்டில் அவர் பார்த்த உயிருள்ள கண்கள் இரண்டு வகை. ஒன்று, கிணற்றடியில் அவரே தோண்டிச் சீமெந்து பூசிய சின்னக் குளத்தில் நீந்திய தங்க மீன்கள். மற்றது, அந்த மீன்களையும் அவரையும் சேர்த்து முறைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவியின் கண்கள். நாங்கள் அவரை ராத்தா என்போம், அதாவது அக்கா.

ராத்தாவின் கோபம் கலியாணத்தோடு தொடங்கியது. புது மாப்பிள்ளைக்கென்று பாரை மீன் வாங்கி, தேங்காய்ப் பால் விட்டு, ஊரே மணக்க ஆக்கி வைத்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒரு முட்டை பொரிக்க முடியுமா என்று கேட்டார். மாமனார் வீட்டில் அன்று பெரிய கலவரம். மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஏதோ நோய், மறைத்துத் தந்துவிட்டார்கள் என்றுகூடக் கதைத்தார்களாம். நோயில்லை, ஆள்தான் இப்படி என்று தெரியவந்தபோது ராத்தாவுக்கு இன்னும் கோபம் கூடியது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குத்தான். பெற்றவர்கள் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். ஐஸ் காக்கா கொண்டுவந்தது ரெஜிபோம் பெட்டி. ஆக, குளம் தோண்டிய நிலம் ராத்தாவின் நிலம். அதை அவர் ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை. "என்ட வளவுல எனக்கே சக்களத்தியக் கொண்டு வச்சிரிக்கார்" என்று வேலிக்கு மேலால் எங்கள் உம்மாவிடம் முறையிடுவார். காகம் கொத்திவிடும் என்று குளத்தின் மேல் காக்கா பழைய வலையொன்றை இழுத்துக் கட்டியபோது, சக்களத்திக்குக் கொசு கடிக்காமல் நுளம்பு வலையும் வந்துவிட்டது என்றார்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் சிரிக்கத் தெரிந்த பலர் அன்றோடு போய்விட்டார்கள். ஐஸ் காக்காவும் ராத்தாவும் தப்பியதற்குக் காரணம், பெரிய ரோட்டுக்கு அப்பால் வயல் பக்கத்தில் ஒரு கலியாண வீடு. ராத்தா சமையலுக்கும் காக்கா ஐஸுக்கும் போயிருந்தார்கள். நானும் உம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சாப்பாட்டுக்கு முன்கூட்டியே போயிருந்தேன்.

பின்னேரம் ஆண்கள் சிலர் தெருவுக்குத் திரும்பினோம். தெரு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ராத்தாவின் வீடு இருந்த இடத்தில் மணலும் மரங்களும் ஓடும்தான் கிடந்தன. அந்தக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஐஸ் காக்காவின் குரல் கேட்டது.

"உசிரோட இரிக்கி. ஓடி வாங்க, உசிரோட இரிக்கி."

ஓடினோம். முன்னால் ஓடியவர் பாண்டிருப்புப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், காலையிலிருந்து தன் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தவர். நாலு பேர் சேர்ந்து கூரையின் வளை மரத்தைத் தூக்கினோம். கைகள் கிழிந்தன. மரத்துக்கு அடியில் வலை. வலைக்கு அடியில் கலங்கிய உப்புத் தண்ணீர். அதில் வாயை வெளியே நீட்டிக்கொண்டு ஏழெட்டுத் தங்க மீன்கள்.

யாரோ ஒருவர் காக்காவை அடிக்கக் கை ஓங்கினார், அவரில் பிழையில்லை. பாண்டிருப்புக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மீன்களைப் பார்த்தபடி குந்தியிருந்து சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகிப் போய்விட்டது. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கயண்ண பெட்டி? உப்புத் தண்ணியில கனநேரம் இருக்காதுகள்" என்றார். ரெஜிபோம் பெட்டிகளில் ஒன்று வேலிக் கம்பியில் மாட்டிக் கிடந்தது. அவரும் காக்காவுமாகச் சேர்ந்து மீன்களை அள்ளிப் போட்டார்கள்.

தெருவிலேயே மிஞ்சிய மோட்டார் சைக்கிள் என்னுடையது. பின்னால் மடியில் பெட்டியோடு காக்கா. கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டதால் மாவடிப்பள்ளி வாய்க்காலில் நிறுத்தி நல்ல தண்ணீர் மாற்றிக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனோம். ராத்தா அங்கே தங்கச்சியின் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் எங்கள் ஊரே இருந்தது. வாளி, அண்டா, பேசின் ஒன்றும் மிச்சமில்லை. மீனுக்கு அண்டா கேட்டால் உதை விழும் என்று காக்காவுக்கே தெரிந்தது. ஆகவே பள்ளிவாசலுக்குப் போய், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கும் ஹவுள் தொட்டியில் யாருக்கும் சொல்லாமல் கவிழ்த்துவிட்டார்.

அடுத்த நாள் ஒரு கிழட்டு ஹாஜியார் ஒழு எடுக்கக் காலை நீட்டினார். மீன் வந்து பெருவிரலைக் கவ்வியது. ஹாஜியார் தொட்டிக்குள்ளேயே விழுந்தார். மீன் கிடக்கிற தண்ணீரில் ஒழு எடுத்தால் கூடுமா கூடாதா என்று பள்ளிவாசல் இரண்டுபட்டது. கடைசியில் மௌலவி வந்து, மீனால் தண்ணீர் கெடாது, நம்முடைய கால்களால்தான் மீன் கெடும் என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியும் ஹாஜியார் விடவில்லை. விஷயம் ராத்தாவின் காதுக்கு எட்டியது. கத்துவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவரோ தங்கச்சி வீட்டுக் கிணற்றடித் தொட்டியைத் தானே தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு, சக்களத்திகளைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அங்கேதான் காக்காவின் கஷ்டம் தொடங்கியது. மீன்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவருக்கு இல்லை. மனைவியின் வீட்டில் இருப்பதற்கு எங்கள் ஊர் ஆண்களுக்கு வெட்கமில்லை. மனைவியின் தங்கச்சி வீட்டில் இருப்பதற்கு உண்டு. அங்கே அந்தத் தங்கச்சியின் மாப்பிள்ளை இருக்கிறார். காக்கா கல்முனைக்குத் திரும்பி ஒரு தகரக் கொட்டிலில் தங்கினார். கொட்டில் பூட்டியிருந்தால் புது வீட்டுப் பட்டியலில் பெயர் போய்விடும் என்று ஒரு பேச்சு வேறு. ராத்தா கடல் சத்தம் கேட்கும் இடத்தில் இனிக் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இப்படியாக, சண்டை பிடித்தாலும் ஒரு நாளும் பிரிந்திராத இரண்டு பேரை நடுவில் வயல்வெளியை வைத்துப் பிரித்துப் போட்டது காலம். இனி ஒன்றாக இருப்பார்களா என்று எங்களுக்கே சந்தேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் காக்கா என் கொட்டில் வாசலில் நிற்பார். அயர்ன் பண்ணின சேர்ட், அத்தர் மணம். "மீனப் பாத்துட்டு வருவம் தம்பி." மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பாவத்துக்கு நான் வாரா வாரம் போனேன். மீனுக்கு எதற்கு அத்தர் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கிணற்றடியில் கவிழ்த்த வாளியில் காக்கா உட்காருவார். தொட்டிக்கு மறுபக்கத்தில் ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார். இருவரும் தண்ணீரைப் பார்த்துத்தான் கதைப்பார்கள்.

"சாப்பிடுதா?" என்பார் காக்கா.

"சாப்பிடுது. நித்திரதான் இல்ல."

"இஞ்ச சத்தம் கித்தம் ஒண்டும் இல்லயே?"

"சத்தம் இல்லாததாலதான்."

மீன் எப்போது தூங்கும், தூங்காது என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து மாமரத்தடிக்குப் போய்விடுவேன்.

அந்த நாட்களில் ஊரில் ஒருவரும் கடல் மீனைத் தொடவில்லை. தொட மனம் வரவில்லை. ஐஸ் வியாபாரம் படுத்தது. அந்த நேரம் ஓர் உதவிக் குழு கொட்டில் கொட்டிலாக வந்து விசாரித்தது. காக்காவிடம் என்ன இழந்தீர்கள் என்று கேட்டார்கள். வீடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அது ராத்தாவின் வீடல்லவா? யோசித்துவிட்டு, நாலைந்து மீன் என்றார். அடுத்த மாதம் அவருடைய கொட்டில் வாசலில் ஒரு ஃபைபர் போட் வந்து இறங்கியது. கூடவே வலையும். மீன் தின்னாத மனிதருக்கு, இப்போதெல்லாம் கடலைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் மனிதருக்கு.

வேண்டாம் என்றால் மனம் நோவார்கள் என்று வாங்கிக்கொண்டார். போட்டில் பவுசர் லாரியில் வரும் தண்ணீரை நிரப்பி, சம்மாந்துறையில் பெருகிய குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். கொட்டில் பிள்ளைகள் முழுநாளும் அந்தப் போட்டைச் சுற்றித்தான். உதவிக் குழுவின் பெரியவர்கள் ஒருநாள் தொழில் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார்கள். காக்கா மிகுந்த மரியாதையோடு அவர்களைப் போட்டுக்கு அருகில் கூட்டிக்கொண்டு போய், வலையை விலக்கிக் காட்டினார். அவர்கள் வெகுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

குஞ்சு கேட்டு வருகிறவர்களிடம் காக்கா லேசில் கொடுக்கமாட்டார். கலியாணம் பேசுகிற மாதிரி விசாரணை நடக்கும். தொட்டி சொந்தமா, இரவலா? வீட்டில் பூனை உண்டா? தண்ணீர் எந்தக் கிணறு? எல்லாம் சரியென்றால், "நம்மட ஊருல பொண்ணுக்கு ஊடு குடுக்கிற. இதுக்கு நீங்கதான் ஊடு குடுக்கணும்" என்று சொல்லி, பிஸ்மி ஓதிக் கையில் கொடுப்பார்.

வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்தது, பட்டாசு வெடித்தார்கள், வீதித் தடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அந்த வருஷம்தான் காக்காவுக்கும் வயல் பக்கத்தில் வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, கடல் சத்தம் கேட்காது. அவர் முதல் வேலையாகப் பின்பக்கம் குளம் தோண்டினார். அந்த வார வெள்ளிக்கிழமையே பெட்டியோடு என் வாசலில் நின்றார். மீன்களைக் கூட்டிவரப் போகிறாராம்.

"ராத்தாவ?" என்றேன்.

காக்கா பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார். "எப்பிடித் தம்பி கூப்பிடுற? காலமெல்லாம் அவட ஊட்டுல இரிந்தவன் நான். இந்த ஊட்ட என்ட பேருல எழுதித் தந்திட்டானுகள். என்ட ஊட்டுக்கு வா எண்டு சொன்னா, உன்ட ஊடு போயிட்டுது எண்டு சொல்லிக் காட்டுற மாதிரி இரிக்கும்."

அப்படி ஒரு கணவன் மனைவியைக் கூப்பிடுவதற்கு எங்கள் ஊரில் பழக்கப்பட்ட ஒரு பேச்சும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சம்மாந்துறையில் காக்கா தொட்டிக்குள் கைவிட்டு மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷ வேலை. ராத்தா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மீனும் பெட்டிக்குள் போனது. மூடியைப் போட்டுவிட்டு, "அப்ப வாறன்" என்று காக்கா வேலிப் படலை வரைக்கும் நடந்தார்.

"இஞ்ச பாருங்க" என்றார் ராத்தா. "அதுகள நீங்க கொண்டு போறீங்க. என்னய ஆரு கொண்டு போற?"

காக்கா திரும்பவேயில்லை. படலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது என்ட பேருல எழுதின ஊடு."

"என்ட பேருல எழுதின ஊட்டுல நீங்க இரிக்கல்லயா? நான் என்னமும் சொன்னனா?"

"சொன்ன. ஒவ்வொரு நாளும் சொன்ன."

ராத்தா முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்தார்.

"அப்ப இனி நீங்க சொல்லுங்க. நான் கேட்டுட்டு இரிக்கன்."

அதற்குப் பிறகு எல்லாம் அவசரம். தங்கச்சி ஓடிப்போய் ஒரு த்ரீவீலர் பிடித்துவந்தார். ராத்தாவின் உடுப்புப் பொதி, ஒரு பாய், இரண்டு சட்டி. காக்கா அவரை ஏற்றி, தானும் ஏறி, சாரதிக்கு வழி சொல்லி, எனக்கு ஸலாம் சொல்லி, போய்விட்டார். படலையடியில் பெட்டி கிடந்தது. உள்ளே மீன்கள் தட்டிக்கொண்டிருந்தன.

உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து, பள்ளிவாசலை இரண்டாக்கி, வருஷக்கணக்காகக் காப்பாற்றிய மீன்களை ஐஸ் காக்கா மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் புது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று பார்த்தேன். ஆள் வரவில்லை. எனக்கோ, போய்ச் சொல்ல மனமில்லை. மறந்திருக்கட்டும் என்று இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வந்தார்கள். ராத்தா நேரே தொட்டிக்குப் போய், என்ன தண்ணீர் இது, மீனின் வயிறு ஏன் இப்படி ஒட்டிக் கிடக்கிறது என்று என்னைப் பிடித்துப் பேசத் தொடங்கினார். காக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ராத்தா ஏசி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த காக்கா ஒரு தடவைகூட மீனைப் பார்க்கவில்லை. இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.