சாட்சியைக் கடைந்து சாப்பிட்ட கதை

அன்று அங்கே இருந்தவர்கள்: அம்மா, அப்பா, அம்மாவின் தமையனான மாமா, நான். இல்லாதவர்: அக்கா. அக்கா சுவிஸின் பீல் நகரில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அந்த ஊரில் ஜெர்மனும் பிரெஞ்சும் மாறி மாறிக் கதைப்பதால் இரண்டுமே அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நடந்ததற்கெல்லாம் லீவு கொடுக்காத அவளுடைய முதலாளிதான் காரணம் என்று நெடுநாள் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அன்று அங்கே இல்லாத இன்னொன்றும் உண்டு. அது என்னுடைய பிரெஞ்சு.

விண்ணப்பத்தில் 'பிரெஞ்சு: மிக நன்று' என்று எழுதியது நான்தான். வேறு யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மத்தூரா பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா பத்தோடு. அக்கா பதினாறு வயதிலேயே தொழில் பழகப் போய்விட்டாள். அதனால் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் அது வேதவாக்கு. விவசாய விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்றபோதும் யாரும் மறுக்கவில்லை. (மாமா மட்டும், "தோட்டம் கொத்தவோ உவ்வளவு படிச்சனி?" என்று கேட்டார்.) அந்தப் படிப்பில் சேருவதற்கு முன் ஒரு வருடம் ஏதாவது பண்ணையில் வேலை பழக வேண்டும். வாலிஸ் பள்ளத்தாக்கில், பிரெஞ்சு பேசும் பக்கத்தில், ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரேயொரு இடம் இருந்தது. அது கிடைக்காவிட்டால் எங்கள் ஊரான ஊஸ்டருக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணைதான். மாடு என்றால் எனக்குப் பயம்.

பண்ணையிலிருந்து கடிதம் வந்தது. நேரில் வரலாம், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், விரும்பினால் குடும்பத்தினரையும் அழைத்து வரலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வரியை வீட்டில் வாசித்துக் காட்டியது நான் செய்த இரண்டாவது பிழை.

"குடும்பம் எண்டு எழுத்திலை போட்டிருக்கிறாங்கள். போகாட்டி மரியாதை இல்லை," என்றார் அம்மா. உடனே வழிச்சாப்பாட்டுக்கு ரோல்ஸ் சுடத் தொடங்கிவிட்டார்.

மூன்று ரயில் மாறிப் போனோம். வாலிஸ்தான் சுவிஸிலேயே மழை குறைந்த பள்ளத்தாக்கு. இரண்டு பக்க மலைகளும் மேகத்தை மறித்துவிடுகின்றன. பனியாறு உருகும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி இறக்கித்தான் அங்கே அப்ரிகொட்டும் திராட்சையும் வளர்க்கிறார்கள். ஜூலை மாத வெயிலில் ரயிலை விட்டு இறங்கியதுமே, சரிவில் நின்ற முட்செடியைக் கண்டு மாமா நடுப் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டார்.

"மச்சான், உங்கை பார். நாகதாளி! சுவிஸிலை நாகதாளி! இந்த ஊரிலை எனக்குக் கேஸ் குடுத்திருந்தால் நான் குளிருக்கு இவ்வளவு காசு குடுத்திருக்க மாட்டன்."

(மாமாவின் அகதி வழக்கு நான்கு வருடம் இழுபட்டது. எதைப் பார்த்தாலும் அவருக்கு அந்தக் கேஸ்தான் ஞாபகம் வரும். இதை நீங்களும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

பண்ணைப் பொறுப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மதாம். வெயிலில் காய்ந்த முகம், மண் ஒட்டிய சப்பாத்து, அன்பான சிரிப்பு. ஆனால் அவருடைய பிரெஞ்சு எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு அல்ல. வகுப்பில் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக, கை கட்டி வரும். இவர் வாயிலிருந்து மடை திறந்த மாதிரி வந்தது. ஐந்து சொல்லுக்கு ஒரு சொல் விளங்கியது. மிச்சம் நான்கையும் நான் சொந்தச் செலவில் போட்டு மொழிபெயர்த்தேன்.

"தண்ணி எத்தினை நாளைக்கு ஒருக்கா விடுறவையாம்?" என்று அப்பா கேட்டார்.

நான் கேட்டேன். மதாம் குனிந்து மண்ணைத் தோண்டிக் காட்டினார். நிலத்தில் புதைத்திருந்த ஒரு கருவியைக் காட்டினார். வானத்தைக் காட்டினார். ஐந்து நிமிடம் விளக்கினார்.

"அடிக்கடி விடுறவையாம்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "உவ்வளவு நேரமும் அவ கதைச்சது 'அடிக்கடி' எண்டதையோ?"

"பிரெஞ்சு கொஞ்சம் நீளமான பாஷை அப்பா."

அப்படியே அப்ரிகொட் மரங்களின் நடுவே வந்து சேர்ந்தோம். அங்கே நான்கு பாத்திகள். ஒன்றில் வைக்கோல் பரப்பியிருந்தது. இன்னொன்று கொத்திவிட்டிருந்தது. மூன்றாவதில் தீவனப்புல் விதைத்திருந்தது. நான்காவதில் இடுப்பளவுக்குப் பச்சைப்பசேலென்று ஏதோ மண்டிக் கிடந்தது. அதில் மட்டும் ஒரு சிவப்புப் பலகை. பலகையில் 'தெம்வான்' என்று எழுதியிருந்தது.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று மாமா கேட்டார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெரிந்த சொல்! பள்ளியில் ஒரு நீதிமன்ற நாடகத்தில் படித்தது. "சாட்சி எண்டு எழுதியிருக்கு, மாமா."

மாமா இரண்டடி பின்னுக்குப் போனார். "சாட்சியோ? எந்தக் கோட்டுக்கு? தம்பி, உதிலை கையெழுத்து ஒண்டும் வைச்சிடாதை. பிறகு இழுத்துக்கொண்டே இருப்பாங்கள்."

மதாம் அந்தப் பாத்தியைக் காட்டி வெகுநேரம் பேசினார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரேயொரு சொல். களை.

"இது வேண்டாத புல் எண்டு சொல்லுறா," என்றேன்.

"வேண்டாததோ?" அம்மா ஒரு தண்டை முறித்து மணந்து பார்த்தார். "டேய், இது குப்பைக்கீரையடா! நல்ல பிஞ்சு. சூரிச்சிலை இதுக்கு என்ன விலை சொல்லுறாங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ? கேள், எடுக்கலாமோ எண்டு கேள்."

அந்த நேரம் பார்த்து மாமா போனைத் தூக்கி, அம்மாவையும் கீரையையும் சேர்த்துப் படம் எடுக்க ஆயத்தமாக நின்றார். நான் பிரெஞ்சில் மிகப் பணிவாக, "எடுக்கலாமா?" என்று கேட்டேன். மதாம் மாமாவின் போனைப் பார்த்துச் சிரித்தார். "பியான் சூர், பியான் சூர்!" தாராளமாக எடுங்கள் என்றார்.

படமும் எடுப்பதுதான், கீரையும் எடுப்பதுதான். தமிழில் மட்டுமல்ல, பிரெஞ்சிலும் அப்படித்தான். இரண்டு மொழிகளும் சேர்ந்து எனக்குக் குழி வெட்டும் என்று யார் கண்டது?

மதாம் என்னை மட்டும் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். தேநீர் தந்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் திரும்பத் திரும்ப அந்தத் 'தெம்வான்' பற்றியே பேசினார். தெம்வான் இல்லாவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது என்றார். ஒப்பந்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

"கவலைப்படாதீர்கள், என் சாட்சிகள் வெளியே நிற்கிறார்கள். மொத்தம் மூன்று பேர்," என்றேன்.

மதாம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவ்வளவு நகைச்சுவையுள்ள பையன் கிடைத்தானே என்று நினைத்திருப்பார். ஒப்பந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பேனையையும் பக்கத்தில் வைத்தார். பிறகு, கையெழுத்திடுமுன் நான் பார்க்கப்போகும் வேலையை ஒருமுறை காட்டிவிடுகிறேன் என்று எழுந்தார். அந்தப் பேனையைத் தொட எனக்கு இரண்டு விநாடி போதும். தொட்டிருக்கலாம். மரியாதைக்காக எழுந்து நடந்தேன்.

வெளியே வந்தோம். நான்காவது பாத்தியைக் காணவில்லை.

இருந்தது, வெறும் மண்ணாக. அம்மா கீரையை வேரோடு பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா முதலாவது பாத்தி வைக்கோலை உருவி உருவி, சந்தைக்குப் போவதுபோல் கீரையைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா வாய்க்கால் பலகையைத் தூக்கிவிட்டு, பாய்ந்து வந்த பனியாற்றுத் தண்ணீரில் வேர்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். நான்கு பாத்திகளும் நீச்சல் குளமாகியிருந்தன. மூன்று பேர், இருபத்தைந்து நிமிடம். ஊஸ்டரில் எங்கள் வீட்டுப் பல்கனிப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத குடும்பம் இது!

மதாம் ஒரே ஒரு சொல் சொன்னார். "என் தெம்வான்..."

அந்தக் குரலில்தான் எனக்கு அர்த்தம் விளங்கியது. அது கோட்டுச் சாட்சியல்ல. மற்றப் பாத்திகளில் செய்த வைத்தியம் எவ்வளவு பலித்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றுமே செய்யாமல் சும்மா விட்டுவைத்த பாத்தி. அதில் முளைத்த களையை எண்ணித்தான் மற்ற மூன்றுக்கும் மார்க் போடுவார்கள். அதை எண்ணுவதுதான் எனக்கு வைத்திருந்த வேலை.

அம்மா மலர்ந்த முகத்தோடு ஒரு கட்டை மதாமிடம் நீட்டினார். "இந்தாங்கோ மதாம், தேங்காய்ப்பால் விட்டுக் கடைஞ்சு, கடைசியா தேசிப்புளி விடுங்கோ. நல்ல இரும்புச்சத்து. சொல்லன்டா அவவுக்கு!"

"என் தாயார் மன்னிப்புக் கேட்கிறார்," என்று மொழிபெயர்த்தேன். அன்று நான் பேசிய பிரெஞ்சில் பிழையில்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.

"ஏன் அவ அழுமாப்போலை நிக்கிறா?" என்று மாமா கேட்டார். "வேண்டாத புல்லைத்தானே புடுங்கினனாங்கள்? கூலியெல்லோ தரவேணும்."

"மாமா, நாங்கள் சாட்சியைக் கலைச்சுப்போட்டம்."

மாமாவின் முகம் வெளிறியது. "நான் அப்பவே சொன்னனான்," என்றார். நிலையம் வந்து சேரும் வரை திரும்பிப் பார்க்கவேயில்லை.

 ரயில் முழுக்க மூன்று பை கீரையின் மணம். நான் கோபத்தில் யன்னலோடு ஒட்டி இருந்தேன். கோபம் அவர்கள் மேல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேர்ன் தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்த மனுசி கதைச்சது உனக்கு விளங்கினதோ?"

"இல்லை அப்பா."

"விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே. நாங்கள் சுவிஸுக்கு வந்து இருபது வருசமா அதைத்தான் சொல்லிச் சமாளிக்கிறம். வெக்கமோ?"

வெட்கம்தான். நான் படித்தவனல்லவா?

மறுநாள் அம்மா அந்தக் கீரையைக் கடைந்தார். மருந்தே அடிக்காத பாத்தி என்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபத்தில் சாப்பிடமாட்டேன் என்று இருந்துவிட்டு, பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். இதை எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கீரைக்கறியை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. படமெடுத்து அனுப்ப, அக்கா போனில் வாசித்துச் சொன்னாள். இடமில்லை. மாட்டுப் பண்ணைக்குப் போனேன். ஒரு வருடம் மாடுகள் என்னை மிரட்டின. பிறகு படித்து முடித்தேன். இன்று நானும் பாத்தி கட்டி ஆராய்ச்சி செய்கிறவன். என் தெம்வானைச் சுற்றி எப்போதும் வேலி இருக்கும். உடன் வேலை செய்கிறவர்கள் முயலுக்கு என்று நினைக்கிறார்கள். விண்ணப்பங்களில் 'பிரெஞ்சு: கொஞ்சம்' என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கீரைக்குப் பெயரே மாறிவிட்டது. விருந்தாளிகள் முன்னாலேயே மாமா தட்டை நீட்டி, "தங்கச்சி, சாட்சியிலை இன்னும் ஒரு கரண்டி விடு," என்பார். விளக்கம் கேட்பவர்களுக்கு அம்மா இந்தக் கதையை முழுதாகச் சொல்வார். சொல்லி முடித்து, குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுவார்.

கடிதத்தோடு வந்த பில் அது. அழித்த களைக்கு, வைக்கோலுக்கு, திறந்துவிட்ட தண்ணீருக்கு, மறுபடி பாத்தி கட்டிய வேலைக்கு என்று வரிவரியாகப் பிரித்திருந்தார்கள். களைக்குப் பில் போடுகிற நாடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். அம்மா தபாலகத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார். பன்னிரண்டு பிடி குப்பைக்கீரை: நானூற்று முப்பத்தெட்டு பிராங், அறுபது ராப்பன்.