டீமேக்கர் மாட்டிய மூன்று விசிறிகள்

என் மகள் என்னோடு வந்து இருந்துவிடுவாள் என்ற நம்பிக்கை ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் காலையில் அதற்கு நானே முடிவு கட்டினேன். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு சுருள் கறுப்பு டேப்பும் அதற்குப் போதுமானதாக இருந்தன.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். முப்பத்தோரு வருடம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். கடைசியில் டீமேக்கர், அதாவது கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் வெளியே போவது வரை என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பின் குமுளிக்குப் பக்கத்தில் சக்குபள்ளத்தில் வீடு. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு கரைப்பது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. (மிஞ்சிய இட்லியை மறுநாள் உப்புமா ஆக்குவேன். அதுவும் மிஞ்சும்.)

மகள் கவிதா பெங்களூரில் இருந்தாள். கட்டப்போகும் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் நிஜம்போலப் படமாக்கிக் காட்டும் வேலை. ஒரு சனிக்கிழமை அந்தப் பெரிய கம்ப்யூட்டரைக் காரில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள்.

"ரெண்டு வாரம் இங்கேருந்து வேலை பாத்துப் பாக்கேன்ப்பா. சரியா ஓடுச்சுன்னா ஆபீஸ்ல சொல்லிட்டு இங்கேயே இருந்துருதேன்."

நான் "ம்" என்றேன். (அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.)

எல்லாம் சரியாகத்தான் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டரின் விசிறிகள் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஓடின. படம் கனமாக ஆக அது போடும் இரைச்சலில், மீட்டிங்கில் அவள் மேலதிகாரி, "பக்கத்தில் மில் ஏதாவது ஓடுகிறதா?" என்று கேட்டாராம்.

"ஃபேன் பழசுப்பா. ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அவள் கார் வளைவில் மறைந்ததும் நான் குமுளிக்குப் பஸ் ஏறினேன். இரைச்சல் நின்றால் அவள் இருப்பாள். என் கணக்கு அவ்வளவுதான்.

குமுளிக் கடைக்காரர் பினு மலையாளி. நன்றாகத் தமிழ் பேசுவார். சத்தமில்லாத விசிறிகளாக ஏழெட்டை ஓடவிட்டு ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் கேட்டேன். பெரிய இலை, மெதுவான சுற்று என்றால் சத்தம் குறைவு. அந்த அளவுக்குப் பிசிக்ஸ் எனக்குக் கைகொடுத்தது. மூன்று எடுத்தேன். பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் கேட்டேன்.

"சாரே, அது எதுக்கு? கம்ப்யூட்டரிலேயே செட்டிங் உண்டு. சூடு கூடுனா ஸ்பீடு தானே கூடிக்கும்."

"கையால திருகுறது இருக்கா?"

"உண்டு. ஆனா அதை நோக்கிட்டே இருக்கணும்."

"முப்பத்தோரு வருஷம் நோக்கியிருக்கேன்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்று திருகு வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அம்புக்குறி பாத்து மாட்டணும் சாரே. ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே."

எனக்கே விசிறி சொல்லித் தருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டும் தொட்டிகள் உண்டு. நீளமான தொட்டி, மேலே கம்பி வலை, வலைமேல் கொழுந்து. ஆள் உயர விசிறி அடியிலிருந்து காற்றைத் தள்ளும். எங்காவது ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியே போய்விடும், கொழுந்து வாடாது. ஓட்டையைக் கண்டால் அடை என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

வீட்டுக்கு வந்து மூன்று விசிறிகளையும் உள்நோக்கி மாட்டினேன். பெட்டியின் பின்னாலும் மேலேயும் நூற்றுக்கணக்கில் ஓட்டைகள். இவ்வளவு மோசமாகவா ஒரு பெட்டியைச் செய்வார்கள் என்று வருத்தப்பட்டு, எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்தேன். மூன்று திருகையும் அடிமட்டத்துக்குக் குறைத்தேன். நிசப்தம். (செய்த வேலையைப் பார்க்க நாலு தடவை அந்த அறைக்குப் போனேன்.)

ஞாயிறு மதியம் கவிதா வந்தாள். மெயில் மட்டும் பார்த்தாள். சத்தமே இல்லை. "அப்பா, ஓடுதா இல்லையான்னே தெரியலையே" என்று சிரித்தாள். பிறகு பெட்டிமேல் கையை வைத்தாள். "சுடுதே. வெளிய காத்து போற ஃபேன் எது?"

அப்படி ஒன்று இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "எல்லாம் பாத்துத்தான் போட்டிருக்கு" என்றேன், ஃபேக்டரியில் கேள்வி கேட்கிறவர்களிடம் பேசிப் பழகிய குரலில். மழைக்காலத்தில் நாங்கள் சூடான காற்றைத்தான் தொட்டிக்கு அனுப்புவோம், உள்ளங்கைக்கு இளஞ்சூடு தெரிந்தால் பதம் சரி என்றும் விளக்கினேன். சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலுக்கு மேல் அவள் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

திங்கள் பத்து மணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படத்தை வாடிக்கையாளருக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசல், வரவேற்பறை, லிஃப்ட் வரை போயிற்று. பெட்டிக்குள் நான் தொடாமல் விட்ட ஒரே ஒரு சின்ன விசிறி விசில் அடித்தது. அப்புறம் அதுவும் இல்லை. திரை இருண்டது. டேப்பின் பசை உருகும் வாசனை கதவு தாண்டி வந்தது.

"வோல்டேஜ்தான்" என்றேன். "இங்க கரண்ட் அப்படித்தாம்மா."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது மேலே லைட் ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவள் பெட்டியைத் திருப்பி டேப்பை ஒவ்வொன்றாக உரித்தாள். நீளநீளமாக வந்தது. கடைசித் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. அதை உதறியபடி, "அப்பா, இது கொழுந்து இல்லப்பா" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆபீஸில் உடனே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை கிளம்பினாள். கம்ப்யூட்டரைக் காரில் ஏற்ற நான் கைகொடுக்கப் போனேன். "நீங்க விடுங்கப்பா" என்றாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எதில் புகை வந்தாலும், "மாமா கைவச்சுப் பாத்துட்டாரு, பதம் சரி" என்கிறார்கள். கல்யாண வீட்டில் கவிதாவே நடித்துக் காட்டுகிறாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது நான்தான். ஒரே ஒருமுறை, கூட்டம் கலைந்தபின், வோல்டேஜ் என்று சொன்னது பொய் என்று அவளிடம் சொன்னேன். "தெரியும்ப்பா" என்றாள்.

ஞாயிறுதோறும் போன் பேசுகிறாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால், "வாரேன்ப்பா. நீங்க ஒண்ணும் ரெடி பண்ணி வைக்காதீங்க, அது போதும்" என்பாள்.

இரண்டு வருடமாக ஒன்றும் ரெடி பண்ணாமல் இருக்கிறேன்.