சார் கூப்பிடலீங்க

ஒருவர் விடுப்பில் போனால் அவர் இடத்தில் பதிலி ஒருவரை அமர்த்தலாம். அசல் ஆள் திரும்பி வந்த அன்றே பதிலியை எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும். விடுவிக்காத வரை பதிலி பணியில் இருப்பதாகவே கருதப்படுவார். இதுதான் விதி. (எண்ணும் தெரியும். யாரும் கேட்பதில்லை.) ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். பிறர் மீறிய விதிகளைத் தேடிப் பிடித்து மெமோ கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு விதியை மட்டும் நானே மீறினேன். எனக்கு மெமோ கொடுக்க ஆள் இல்லாததால் அந்தக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

நடந்தது எண்பதுகளின் கடைசியில், திருப்பூரில், சிஸ்டர்கள் நடத்திய ஒரு தொடக்கப் பள்ளியில். ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். பக்கத்திலேயே பங்குக் கோயில். மதிலுக்கு அந்தப் பக்கம் பனியன் கம்பெனி. நாங்கள் வாய்ப்பாடு சொல்லும்போது அவர்கள் ஓவர்லாக் மெஷின் ஓட்டுவார்கள். பதினாறாம் வாய்ப்பாட்டில் பெரும்பாலும் மெஷின்தான் ஜெயிக்கும். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன கத்தோலிக்கன். எம்.ஏ. படித்துவிட்டு நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்ததில் உலகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. அதை இறக்கிவைக்க விதிமுறைப் புத்தகம் வசதியாக இருந்தது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'சர்க்குலர் சார்'.

கடைசிப் பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை. நீதிபோதனை டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலி போடவில்லை. ஆகவே ஒரே வகுப்பறையில் கிழக்கு மூலையில் மறைக்கல்வி, மேற்கு மூலையில் நீதிபோதனை, நடுவில் நான். நீதி கேட்க வேண்டியவர்கள் சிலேட்டில் மாம்பழம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வரையாமல் காதைக் கிழக்கே வைத்திருந்தாள். அவள்தான் வள்ளி.

வள்ளியின் அப்பா பழனிச்சாமி நெசவுக் குடும்பத்துக்காரர். தறியை விட்டுத் தையலுக்கு வந்து, நாலு மெஷின் போட்டுச் சொந்தமாக பனியன் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டு நிலையில் முருகன், கம்பெனிச் சுவரில் முருகன், மொபெட்டில் முருகன், மகள் பெயர் வள்ளி. அவர் பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களின் பக்தியைத்தான் அப்படிச் சொல்ல முடியாது.

"ஆதாம் யார்?" என்று கேட்பேன். கிழக்கு மூலையிலிருந்து, "நோவாவோட தம்பி சார்" என்று பதில் வரும். மேற்கிலிருந்து உடனே ஒரு கை உயரும். "இல்லீங்க சார். மொத மனுசனுங்க."

அவளிடம் எனக்கு ஒரே வருத்தம்தான். "கேள்வி பதிலை உள்ளது உள்ளபடி சொல்லணும் வள்ளி. 'கடவுள் எங்கும் இருக்கிறார்.' அவ்வளவுதான். 'இருக்கிறாருங்க'ன்னு சொல்லக் கூடாது."

"கடவுளுக்கு மருவாதி வேண்டாங்களா சார்?"

(இதற்கு என்னிடம் சுற்றறிக்கை இல்லை.)

அந்த வருடம் ஏழு பையன்களும் ஏழு பெண்களும் புதுநன்மைக்குத் தயாரானார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. பையன் ஒன்று, பெண் ஒன்று என்று ஜோடியாக, வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுவர்த்தியோடு கோயில் வாசலிலிருந்து பீடம் வரை பவனியாக வர வேண்டும். ஒத்திகை தொடங்கிய அன்றே, பெண்களில் ஒருத்தியான ஸ்டெல்லாவுக்குப் பொன்னுக்குவீங்கி வந்துவிட்டது. ஜோடி இல்லாத பையன் முறை தெரியாமல் தூணோடு முட்டிக்கொண்டு நடந்தான். நான் மேற்கு மூலையைப் பார்த்தேன். கை ஏற்கெனவே தூக்கியபடி இருந்தது.

"ஸ்டெல்லா வர்ற வரைக்கும் நீ பதிலி. புரியுதா?"

"புரியுதுங்க சார்" என்றாள். பதிலி என்ற சொல்லை அவள் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டிருப்பாள் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

அவள் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியை ஹாக்கி மட்டைபோலப் பிடித்து நடந்தார்கள். வள்ளி, நிறையத் தண்ணீர் உள்ள சொம்பைக் கொண்டுபோவதுபோல நடந்தாள். அடுத்த நாள் பழனிச்சாமி மொபெட்டில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க சார், புள்ளைகளுக்கு வெள்ளக் கவுனு வேணுமாமா? நா தெச்சுத் தர்றனுங்க. துணி நம்மகிட்டயே கெடக்குது."

தைத்தும் கொடுத்தார். பனியன் துணியில் கவுன். போடும்போது முழங்காலுக்கு இருந்தது, ஒத்திகை முடியும்போது கணுக்காலுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு கழுத்திலும் ஏற்றுமதிக்கு வைக்கிற சைஸ் லேபிள். பள்ளிக்கு வந்தவை ஆறு கவுன். ஸ்டெல்லாவுக்கு அவள் அக்காவின் பழைய கவுன் இருந்ததால் எனக்குக் கணக்கு சரியாகவே இருந்தது. ஏழாவதாக ஒரு கவுன் தைக்கப்பட்டு வள்ளியின் வீட்டில் மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லாவின் அம்மா வந்து, வீக்கம் வடிந்துவிட்டது, நாளைக்கு வருவாள் என்றார். சந்தோஷமாகப் பட்டியலில் டிக் அடித்தேன். அசல் ஆள் பணிக்குத் திரும்பிவிட்டார். பதிலியின் வீடு நாலு தெரு தள்ளி. சைக்கிளும் இருந்தது. போகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஆளாக வந்து நின்றவள் வள்ளி. வெள்ளைக் கவுன், கொசுவலைத் துணியில் முக்காடு, தலையில் பூ வளையம், நெற்றியில் பழக்கதோஷத்தில் வைத்த திருநீறு. பின்னால் அப்பாவும் அம்மாவும், கையில் ஒரு சீப்பு பழத்தோடு. சற்று நேரத்தில் ஸ்டெல்லாவும் வந்தாள். ஒரு பையனுக்கு இரண்டு பெண்கள்.

தலைமையாசிரியை சிஸ்டர் ஜெசிந்தா கவலைப்படவே இல்லை. "வள்ளியும் நடக்கட்டுமே சார். எல்லாருக்கும் முன்னால மெழுகுவத்தி பிடிச்சுட்டுப் போகட்டும். ஃபாதர் தலையில கை வச்சு ஆசீர்வதிப்பாரு. முடிஞ்சது."

"சிஸ்டர், ஞானஸ்நானம் வாங்காதவங்க வேற எந்த அருட்சாதனமும் வாங்க முடியாது. விதி."

"வாங்கச் சொல்லலையே. நடக்கத்தானே சொன்னேன்?"

"நடக்கிறதுக்கு விதி இருக்கான்னு பாக்கணும்."

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவது முறையாகாது. ஃபாதரிடம் கேட்கலாம் என்று போனேன். அவர் பாவசங்கீர்த்தனக் கூண்டில் பாவ அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். வரிசை நீளமாக இருந்தது. வள்ளியைப் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறைக்குக் கூட்டிப்போனேன். பூசை உடுப்புகளும் மெழுகுவர்த்திப் பெட்டிகளும் வைக்கிற சின்ன அறை. பீடத்தின் பக்கம் ஒரு வாசல், வெளி முற்றத்துக்கு ஒரு வாசல்.

"நான் கூப்பிடுற வரைக்கும் இங்கேயே நில்லு."

"சரிங்க சார்."

அப்புறம் மறந்துபோனேன் என்று சொல்லலாம். அது பொய். முடிவெடுக்க மனமில்லாத கோப்பை என்ன செய்வோம்? அலமாரியில் வைப்போம். அதைத்தான் செய்தேன்.

பவனி நன்றாகவே நடந்தது. கவுன்கள் மட்டும் பாதி வழியிலேயே நீள ஆரம்பித்து, பீடத்துக்கு வந்தபோது தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தன. பழனிச்சாமியும் மனைவியும் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். முன்வரிசை எழுந்தால் ஒரு கணம் கழித்து எழுந்து, உட்கார்ந்தால் ஒரு கணம் கழித்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிரசங்க நேரத்தில் ஃபாதர் பிள்ளைகளிடம் இறங்கி வந்தார். நல்ல மனுஷர். எளிதான கேள்வியாகத்தான் கேட்டார்.

"சொல்லுங்க பாப்போம். கடவுள் எங்கே இருக்கிறார்?"

பதினாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். வருடம் முழுக்க நான் கற்பித்த பாடம். ஒரு பையன் மெழுகுவர்த்திச் சொட்டை நகத்தால் சுரண்டினான். ஸ்டெல்லா கன்னத்தைத் தடவினாள். நான் தூணுக்குப் பின்னாலிருந்து உதட்டை அசைத்துக் காட்டினேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

அப்போது பீடத்துக்குப் பின்னாலிருந்து, கணீரென்று ஒரு குரல்:

"எங்கும் இருக்கிறாருங்க!"

முன்வரிசை அம்மாள் ஒருவர் முழந்தாளில் விழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். பாடற்குழுவில் ஆர்மோனியம் தானாக ஒரு சுரம் போட்டது. (வாசித்தவரின் முழங்கை.) ஃபாதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாரு அது? வெளிய வாம்மா."

குரல் வந்தது, ஆள் வரவில்லை. "சார் கூப்பிடலீங்க, ஃபாதர்."

கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. கடைசி பெஞ்சில் பழனிச்சாமி எழுந்து நின்றுவிட்டார். இந்த முறை முன்வரிசையைப் பார்த்து அல்ல. ஃபாதர் என் பக்கம் கையை நீட்டி, "கூப்பிடுங்க சார்" என்றார்.

'வா' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே எழுத்து. அதற்கு எந்த மேலதிகாரியின் ஒப்புதலும் தேவையில்லை. என் வாயிலிருந்து வந்தது இது: "ஃபாதர், அந்தப் பிள்ளை பட்டியல்ல இல்ல."

சொல்லிவிட்டு நிற்கவும் முடியவில்லை. விறுவிறுவென்று சாமான் அறைக்குப் போனேன். வள்ளி நான் நிறுத்திய அதே இடத்தில், மெழுகுவர்த்தியைச் சொம்புபோலப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் நின்றும் அவள் கவுன் மட்டும் நீளவே இல்லை. தைத்தவர் மகளுக்கென்று உள்ளே இன்னொரு துணி கொடுத்துத் தைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இப்பப் போலாங்களா சார்?"

அவள் கையைப் பிடித்து வெளி முற்றத்து வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். முற்றத்தில் வெயில். அவள் அழவில்லை. மெழுகுவர்த்தியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இது கோயிலுதுங்க சார்" என்றாள்.

பழனிச்சாமி சுற்றிக்கொண்டு அங்கே வந்தார். திருப்பூரில் திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார்கள். அது நாகர்கோவில் வசவைவிட அதிக நாள் வலிக்கும்.

"நன்மை வாங்கறது உங்க ஆளுகளுக்குத்தானுங்கறது எனக்குத் தெரியுமுங்க சார். எங்க கோயில்லயும் மொறை இருக்குதுங்க. மொறைய நா குத்தஞ் சொல்லலீங்க. மெழுகுவத்தி பிடிச்சுட்டு நடக்கறதுக்குமாங்க? அப்புடின்னா புள்ளகிட்ட நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே?"

அந்த மனுஷனிடம் நான் சொன்ன பதில் இது: "எழுதிக் கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார். பழச் சீப்பை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, மகளை மொபெட்டில் முன்னால் நிறுத்தி, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். முக்காடு காற்றில் தெருமுனை வரை தெரிந்தது.

எழுதவும் செய்தேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை மெழுகுவர்த்தி ஏந்திப் பவனியில் மட்டும் நடக்கலாமா என்று, பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு, முறையான வழியில். கையெழுத்துக்குப் போனபோது ஃபாதர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கு எதுக்கு லெட்டர்? நான் சொல்றேன், நடக்கலாம்."

"எழுத்துல இருந்தா நல்லதுங்க ஃபாதர்."

வள்ளி பள்ளிக்கு வராமல் இல்லை. ஒரு நாள்கூட நிற்கவில்லை. மேற்கு மூலையிலிருந்து கை மட்டும் உயரவே இல்லை. பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் எழுந்து, "என்னையங்களா சார்?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, சரியான பதிலைச் சொல்லிவிட்டு உட்காருவாள். ஆதாம் மறுபடியும் நோவாவின் தம்பியானார். திருத்த ஆள் இல்லை.

பழனிச்சாமி வழியில் பார்க்கும்போதெல்லாம் மொபெட்டை மெதுவாக்கி, "பதில் வந்துதுங்களா சார்?" என்பார். நான், "நினைவூட்டு அனுப்பியிருக்கேன்" என்பேன். மேலும் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். அடுத்த வருடப் புதுநன்மையும் வந்தது. வள்ளி அப்போது ஐந்தாம் வகுப்பு. "இந்த வருஷமாவது அந்தப் பிள்ளையக் கூப்பிடலாமே சார்" என்றார் சிஸ்டர் ஜெசிந்தா. "விஷயம் நிலுவையில இருக்கு சிஸ்டர்" என்றேன். பவனி ஓர் அடிகூடக் கோணாமல் நடந்தது. நான் ஒருவன் மட்டும் சாமான் அறை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை எல்லாம் ஒருநாள் வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது நான் பேப்பரை மடக்காமல் உட்கார்ந்திருந்தால் மனைவி மகளைப் பார்த்து, "நீ ஏண்டி இன்னும் சாப்பிடல?" என்பாள். மகள் கைகட்டி நின்று, "சார் கூப்பிடலீங்க" என்பாள். இப்போது பேத்தியும் கற்றுக்கொண்டாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஒரு கணம் கழித்து.

ஆயர் இல்லத்திலிருந்து பதில் வரத்தான் செய்தது. மூன்றே வரி. மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கத் தடை எதுவும் இல்லை. இதற்கு அனுமதி கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பிள்ளையை அழைக்கவும்.

படித்து முடித்து, பழக்கத்தில், மேல் மூலையில் வரப்பெற்ற தேதியை எழுதினேன். ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் நாள். ஐந்தாம் வகுப்பு முடித்த வள்ளிக்கு மாற்றுச் சான்றிதழை என் கையால் எழுதி, அப்பாவோடு வெளியே அனுப்பியது முதல் நாள்.