உலகநாதன் அளவுக்கு ஓர் அடுப்படி

கேட்காமலேயே மனைவி அம்சம் இரண்டாவது டீ கொடுத்தாள். உலகநாதன் தம்ளரைச் சந்தேகமாகப் பார்த்தான். வழக்கமாக முதல் டீக்கே அவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

கதிரடிக்கிற மிஷினில் காலைப் பறிகொடுத்த பிறகு அவனுக்குச் சக்கர நாற்காலிதான். அரசு கொடுத்த தொகுப்பு வீட்டில் வாசலுக்குப் படி, அடுப்படி மேடையோ அவன் மூக்குக்கு நேரே. அதனால் தண்ணீர் பிடிப்பதும் சோறு பொங்குவதும் அம்சம். அரசு கொடுத்த டிவியைப் பார்ப்பது மட்டும் அவன். "என்ன பண்றது, மேடை எட்டலையே" என்று பெருமூச்சு விடுவான். அதில் பாதிதான் நிஜம்.

இப்போது வாசலில் சரிவு கட்டி, அந்த வீட்டை அவனுக்கு ஏற்றபடி மாற்றித் தர உத்தரவு வந்திருந்தது. மனு போட்டவள் அம்சம். அதுதான் இடித்தது.

"எதுக்கு மனு போட்டே?"

"உங்களுக்காகத்தான்."

"நிலம் நிலம்னு என் உயிரை எடுத்தவளுக்கு என் மேல திடீர்னு என்ன பாசம்?"

"நிலத்தைப் பத்தி இப்ப யாரு பேசுனா?"

கோயில் குத்தகை நிலம் அது. "நான் பாத்துக்கறேண்ணே" என்று இறங்கிய தம்பி மருதையன் இன்னும் கரையேறவில்லை, நிலத்தைத் திருப்பித் தரவுமில்லை. இந்தக் குறுவைச் சாகுபடியையும் விட்டால் குத்தகையே அவன் பேருக்குப் போய்விடும். தானே நடவு செய்கிறேன் என்பாள் அம்சம். "அப்ப எனக்கு யாரு பொங்கிப் போடுவா?" என்று அவன் கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

இப்போது அவள் நிலத்தைப் பற்றி வாயே திறக்காதது அவன் சந்தேகத்தைக் கூட்டியது.

"மன்னார்குடியில உங்க ஆத்தா எப்படி இருக்கு?" என்று மெல்லத் தூண்டில் போட்டான்.

"முட்டி வலிங்க. படியேற முடியலையாம்."

பிடித்துவிட்டான். வாசலில் சரிவு கட்டுவது யாருக்கு என்று இப்போது புரிந்தது. மாமியார் ராசம்மாள் நிரந்தரமாக வந்து உட்காரப் போகிறாள்.

மறுநாள் கொத்தனார் வைரக்கண்ணு டேப்போடு வந்தான். அம்சம் அவனிடம் ஏதோ கிசுகிசுத்தாள். உலகநாதன் நாற்காலியை உருட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றான்.

"ஒண்ணுமில்லீங்க. பின் ரூமைத் தொட வேணாம்னேன். ஆத்தா வந்தா படுக்கணும்ல."

"அந்தச் சுவத்தை இடி வைரக்கண்ணு."

"அண்ணே?"

"உத்தரவு எனக்கா, என் மாமியாருக்கா? ரூமை அடுப்படியோட சேத்துடு. என் நாற்காலி ஒரு சுத்து சுத்தணும். மேடை என் முழங்கை மட்டத்துக்கு வரணும். பைப்பும் எட்டணும்."

"அரிசி டின்னுமா?" என்றாள் அம்சம், உயிரே இல்லாத குரலில்.

"அதுவும்தான்."

"மொளகாத்தூளு?"

"இந்த வீட்டுல எனக்கு எட்டாத சாமான்னு ஒண்ணு இருக்கக் கூடாது."

அம்சம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அழுகிறாள் என்று நினைத்தான். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

வேலை முடிந்தது. முதல் தடவையாக யார் கையும் படாமல் சரிவில் இறங்கித் தெருவுக்கு வந்தவன், தெருமுனை வரை போய்த் திரும்பினான். சந்தேகமெல்லாம் மறந்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்து பார்த்தால், சேலைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள் அம்சம்.

"எங்கே கெளம்பிட்டே?"

"நம்ம நெலத்துக்கு. வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. உங்க தம்பி நாத்துக்கட்டோட வர்றதுக்குள்ள நடவாளுங்களோட நான் வரப்புல நிக்கணும்."

எப்போதும் கேட்கிற கேள்விக்கு வாயைத் திறந்தவன், பளபளக்கிற மேடையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"மத்தியானம் சோத்தை மடியில வெச்சு நாற்காலியிலேயே கொண்டாந்துடுங்க. ரோட்டோரம்தான் நம்ம வயலு."

"அப்ப உங்க ஆத்தா?" கடைசியாக ஒரு தடவை சந்தேகப்பட்டான் உலகநாதன்.

"முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அதுவும் நடவுக்குத்தான் வருதுங்க. அதுக்கும் சேத்து ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடுங்க."