குழிமூடி மேஸ்திரியின் தேங்காய் விரதம்

குழி தோண்டிப் பேர் வாங்கினவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். குழியை மூடிப் பேர் வாங்கினவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், முட்டத்துக்கு மேற்கே கடற்கரையில் கறுப்பு மணல் எடுக்கும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். அந்தக் கறுப்பு மணலைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்ச் சீமையில் வெள்ளைப் பெயிண்ட் செய்கிறார்கள் என்று எங்கள் வெள்ளைக்காரத் துரை ஒருநாள் சொன்னார். கூலியாட்கள் ஒருத்தர்கூட நம்பவில்லை. "பாவம், வெயிலு தலைக்கேறிட்டுது" என்று இரக்கப்பட்டு அவருக்கு இளநீர் சீவிக் கொடுத்தார்கள்.

அங்கே மண் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர்தான் நம்மவர். குள்ளமான ஆள். குரல் மட்டும் நல்ல உயரம். கையில் எப்போதும் மம்பட்டி இருக்கும். தன் கல்யாணத்துக்கே மம்பட்டியோடு வந்தவர் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். ஆஜர் புத்தகத்தில் அவர் பெயரைத் தினமும் எழுதினவன் நான். குழிமூடி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு எனக்கே அது மறந்துபோய்விட்டது. அவர் குழிமூடி ஆனதற்குக் காரணம் ஓர் எருமை.

மணல் எடுத்த ஒரு குழியை அப்படியே போட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் அது நிறைந்து குளம்போலக் கிடந்தது. செல்லத்தாய் என்கிற அம்மாளின் பால் எருமை அதில் விழுந்து செத்துப்போனது. செல்லத்தாய்க்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், விளை என்று நாங்கள் சொல்லும், நாற்பது தென்னை நிற்கிற ஒரு தோப்பு, அந்த எருமை. அவ்வளவுதான் அவளுடைய சொத்து. அடுத்த வருஷம் பார்த்தால், அவள் விளைக்கு அடியிலும் கறுப்பு மணல் இருக்கிறது என்று கம்பெனி கண்டுபிடித்துவிட்டது! நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குக் கேட்டு துரை, மேஸ்திரி, மொழிபெயர்க்க நான், மூன்று பேரும் போனோம். செல்லத்தாய் வெட்டரிவாளோடு வாசலில் நின்றாள்.

"ஒருத்தனும் உள்ள காலு வச்சிராதிங்கோ. எருமையத் தின்ன குழிய மூடுனீங்களா? இனி எனக்க விளையயும் குழியாக்கப் போறியளோ?"

துரை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மேஸ்திரியின் முகம் மட்டும் செத்துப்போயிற்று. அந்தக் குழியை வெட்டினது அவருடைய ஆட்கள்தான்.

"ஏட்டி செல்லத்தாயி, உனக்க விளைய நான் மூடித் தாறேன். மூடுறது மட்டுமில்ல, காய்க்க வச்சுத் தாறேன். அது காய்க்கிற வரைக்கும் எனக்க நாக்குல தேங்கா படாது. பகவதி சத்தியம்!"

"தென்னை காய்க்க ஏழு வருஷம் ஆவும், அண்ணே."

"தோண்டி மூட ரெண்டு. ஒம்பதா வச்சுக்கோ. எனக்கு எண்ணத் தெரியாதா?"

அவர் என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். இனிமேல் தேங்காய் சாப்பிடமாட்டாராம் என்றேன். அதற்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று துரை கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதற்கு விளக்கம் கிடையாது. எங்கள் பக்கத்தில் தேங்காய் அரைக்காத கறி நோயாளிக்கு வைப்பது. செல்லத்தாய்க்கு அது புரிந்தது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டாள்.

விளையில் வேலை தொடங்கியதும் தொடங்கியது எனக்குச் சனி. மேஸ்திரி ஸ்டோருக்கு வந்து முந்நூறு முடைந்த ஓலை கேட்டார்.

"எதுக்கு மேஸ்திரி?"

"மண்ணுக்குக் கூரை போட."

தென்னைகளை வெட்டி எடுத்ததும், அந்த விளையின் மேல்மண்ணை முழங்கை ஆழத்துக்குச் சீவித் தனியாகக் குவித்து வைத்திருக்கிறார். அதுதான் உயிருள்ள மண்ணாம். கீழே இருக்கிற மணலோடு அது கலந்துவிடக் கூடாதாம், மழையில் கரையக் கூடாதாம்.

"நல்ல கூத்து! எங்க ஆபீசே ஒழுகுது மேஸ்திரி. மண்ணுக்குக் கூரையா?"

"ஓய் குமாஸ்தா, நீரு நனைஞ்சா காஞ்சிருவீரு. மண்ணு கரைஞ்சு கடலுக்குப் போச்சுன்னா திரும்பி வருமா?"

ஓலை கொடுத்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் நான் குடை பிடித்துக்கொண்டு கணக்கெழுதினேன். மண்குவியல் சொட்டு நனையாமல் சுகமாக இருந்தது. யாராவது அதன்மேல் கால் வைத்தால் மேஸ்திரி போடும் சத்தம் கப்பலில் நிற்பவனுக்குக் கேட்கும்.

அடுத்து, குழியிலிருந்து கடற்கரைக்குத் தண்டவாளத்தில் மணல் கொண்டுபோகும் தள்ளுவண்டி. கறுப்பு மணலைப் பிரித்த பிறகு மிஞ்சும் வெள்ளை மணலைக் கடற்கரையில் கொட்டிவிடுவது வழக்கம். மேஸ்திரிக்கு அது குழிக்குத் திரும்பி வர வேண்டும். துரையிடம் கேட்டால் வேண்டாத வேலை என்பார். அதனால் கேட்கவில்லை. மணல் ஏற்றிப் போன வண்டி வெறுமனே திரும்பினால் தண்டவாளத்திலிருந்து புரண்டுவிடும் என்று ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார். அன்றைக்கே ஒரு வண்டி புரண்டது. எப்படிப் புரண்டது என்று என்னைக் கேட்காதீர்கள். பாரம் இருந்தால்தான் வண்டி நிற்கும் என்று நானும் துரையிடம் பவ்யமாக மொழிபெயர்த்தேன். அதற்கப்புறம் திரும்பி வந்த ஒவ்வொரு வண்டியும் வெள்ளை மணலோடு வந்தது. ஒரு பக்கம் தோண்டத் தோண்ட மறுபக்கம் மூடிக்கொண்டே வந்தார் மனுஷன்.

விரதம் இருக்கிறதே, அது வேறு கதை. அஞ்சுகிராமத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போனோம். இலையில் அவியல் விழுந்தது, தள்ளி வைத்தார். எரிசேரி, தள்ளி வைத்தார். துவரன், பச்சடி, ஓலன், எல்லாவற்றிலும் தேங்காய். கடைசியில் பப்படம் வந்தது. அதை மோந்து பார்த்தார்.

"எந்த எண்ணெயில பொரிச்சது மக்கா?"

"தேங்காயெண்ணெ தான்."

"கொண்டு போ."

பெண்ணின் தகப்பனார் சமையலில் ஏதோ குற்றம் என்று நினைத்துப் பதறி ஓடிவந்தார். மேஸ்திரி சோற்றில் உப்பும் ரசமும் விட்டுப் பிசைந்து, "கொள்ளாம், நல்ல சத்தியை" என்று விருந்தை வாழ்த்திவிட்டு எழுந்தார். தலைக்கும் நல்லெண்ணெய்தான். ஊர் முழுக்கத் தேங்காயெண்ணெய் மணக்கும்போது, அவர் வருவது நாலு வீட்டுக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். அவர் மனைவி இரண்டு தடவை கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். "தேங்கா அரைக்காத மீன்குழம்ப மனுஷன் தின்னுவானா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

இரண்டாவது வருஷம் முடியும்போது குழி மூடியாகிவிட்டது. வெள்ளை மணலுக்குமேல் மேல்மண்ணை விரித்து, கொழிஞ்சி விதைத்து, அது வளர்ந்ததும் மண்ணோடு மடக்கி உழுதார். முட்டத்து மீன்காரர்களிடம் மீன்தலையும் குடலும் வாங்கி வந்து புதைத்தார். நாற்றம் தாங்காமல் துரை ஆபீஸ் ஜன்னலை எல்லாம் சாத்தச் சொன்னார். கடல்காற்றைத் தடுக்கத் தாழை வைத்தார். அப்புறம் நாற்பது தென்னம்பிள்ளை நட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் புதிய துரை வந்தார். நிலம் பழையபடி பயன்படும் நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு காகிதம் தயாரித்தார். மேஸ்திரியும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் கம்பெனியின் பொறுப்பு தீர்ந்தது, செல்லத்தாய்க்கு வரும் பாட்டமும் நின்றுவிடும்.

"தென்னம்பிள்ளை எனக்க முட்டு உயரங்கூட இல்லியே" என்றார் மேஸ்திரி.

"நிலம் சமமா இருக்கு, அது போதும்னு துரை சொல்லுதார்."

"சமமா இருந்தா அவரு சீமையில போயிப் பந்து வெளையாடட்டும். இஞ்ச காய்க்கணும். காய்க்காத விளைய விளைன்னு எழுதி நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அன்று சாயங்காலமே அவருக்கு வேலை போயிற்று. நான் கையெழுத்துப் போட்டேன்; துரைக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. எனக்கு மூன்று பிள்ளைகள், துரை முறைத்துப் பார்த்தார், இப்படி எத்தனையோ சமாதானம் சொல்லலாம். இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரி வயல்வேலைக்குப் போனார். ஆனால் விடியும்போதும் பொழுது சாயும்போதும் தோளில் காவடி கட்டி இரண்டு குடத்தில் வெள்ளம் சுமந்து, நாற்பது தென்னம்பிள்ளைக்கும் ஊற்றினார். செல்லத்தாய் அடுத்தவர் தென்னையின் தேங்காய் மட்டையை ஊறப்போட்டுக் கயிறு திரித்துத் தன் இரண்டு பெண்களையும் காப்பாற்றினாள். நான் அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

எட்டாவது வருஷம் பாளை விட்டது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஆனால் குரும்பை பிடித்ததும் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. நாற்பது மரத்திலும் ஒன்றுகூட நிற்கவில்லை. "செத்த மண்ணுல தேங்கா காய்க்குமா?" என்று சிரித்தார்கள். செல்லத்தாயே அவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, போதும். நான் மன்னிச்சாச்சு. தேங்காயத் தின்னும்."

"நீ மன்னிச்சா எனக்க வயிறு நெறையும். உனக்க பிள்ளையளுக்க வயிறு?" என்றார் அவர். மறுநாள் சாம்பலும் உப்பும் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் போட்டார்.

அடுத்த வருஷம் ஒருநாள் மத்தியானம் ஆபீஸ் வாசலில் நல்லெண்ணெய் மணம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேஸ்திரி நிற்கிறார், பக்கத்தில் செல்லத்தாய். அவள் கையில் ஒரு தேங்காய்.

"நாப்பது மரத்திலயும் குலை நிக்குது குமாஸ்தா" என்றாள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மேஸ்திரி தேங்காயை வாங்கி மம்பட்டியின் பின்பக்கத்தால் ஒரே அடி அடித்தார். முதல் சில்லைச் செல்லத்தாய் கையில் கொடுத்தார். இரண்டாவதை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம். ஒம்பது வருஷமாச்சு, மொதல்ல நீரு தின்னும்" என்றேன்.

"பிடியும் வே. அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டது நீருதானே? அது இன்னைக்குத்தான் மெய்யாச்சு. இனி தைரியமா இரியும்."

சொல்லிவிட்டு ஒரு சில்லைத் தன் வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

அத்தனை வருஷமும் நான் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அன்றைக்கு, வாய் நிறையத் தேங்காயோடு, "அண்ணாச்சி" என்றேன்.